புதிய வைரஸும் வெள்ளிக்கிழமையும்

எனக்குப் பொறுமை குறைவு. இதை முதலிலேயே சொல்லி வைத்தால் பின்னால் வருகிற பலவற்றுக்கு விளக்கம் தேவைப்படாது. என்னோடு கதைத்து வெல்ல முடியாது என்று வீட்டில் எல்லோரும் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். எண்களோடு மட்டும்தான் எனக்கு ஒத்துப்போனது. அதனால் புள்ளிவிபரவியல் படித்தேன். படித்துவிட்டு வந்து, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் பழைய மாடிக் கட்டடமொன்றில் இருந்த சின்ன ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் சம்பளக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் அது வைரஸ்களின் கணக்கு.

நாங்கள் மூன்று பேர். பணிப்பாளரைச் சேர் என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர், எதையும் சீக்கிரம் நம்பி சீக்கிரம் சந்தோசப்படுகிறவர். நான் கொம்பியூட்டருக்கு முன்னால். மூன்றாவது ஆள் அக்கா. என் கூடப்பிறந்த அக்கா இல்லை. சல்லிக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட. உயிர்க் கலங்களை வளர்ப்பது அவர் வேலை. மனித நுரையீரலிலிருந்து எப்போதோ எடுத்து, பரம்பரை பரம்பரையாகத் தட்டுகளில் வளர்ந்து வரும் கலங்கள் அவை. அவற்றுக்கு நேரத்துக்குச் சாப்பாடு, உடம்புச் சூட்டில் ஒரு பெட்டி, சுத்தமான காற்று எல்லாம் வேண்டும். அக்கா அவற்றோடு கதைத்துக்கொண்டே வேலை செய்வார். நான் சிரிப்பேன். ஆனால் அவர் கையில் ஒரு தட்டும் செத்ததை நான் கண்டதில்லை. நான் ஒருமுறை அவருக்குப் பதிலாகப் பார்த்துக்கொண்ட வார இறுதியில் இரண்டு தட்டுகள் போய்ச் சேர்ந்தன.

எங்கள் ஆராய்ச்சி மூக்கொழுக வைக்கிற தடிமன் காய்ச்சலைப் பற்றியது. துறைமுக ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. கப்பலில் வருகிறவர் ஒன்றைக் கொண்டுவருவார், உப்புவெளி விடுதிகளுக்கு வரும் வெள்ளைக்காரர் இன்னொன்றைக் கொண்டுவருவார், நாங்கள் எல்லாவற்றையும் மனமுவந்து வாங்கிக்கொள்வோம். அந்த வருடம் ஒரு புதிய வகை வந்து ஊரையே இரும வைத்திருந்தது. வழக்கமாக வருகிற பழைய வகைக்கும் இந்தப் புதிய வகைக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் கேள்வி.

அதை இப்படிப் பார்ப்போம். உடம்பிலுள்ள கலங்களுக்குள் இருக்கிற ஜீன்கள் எல்லாம் ஒன்றுதான். எந்த ஜீன் வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதில்தான் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் வித்தியாசம். வைரஸ் உள்ளே வந்ததும் கலம், அதுவரை சும்மா கிடந்த சில ஜீன்களை எழுப்பி விடும். அவை ஆபத்து என்று கூவுகிற ஜீன்கள். பக்கத்துக் கலங்களும் அதைக் கேட்டுக் கதவைப் பூட்டிக்கொள்ளும். வைரஸ் என்ன லேசுப்பட்டதா, கூவுகிறவரின் வாயைப் பொத்தப் பார்க்கும். சில வகைகள் நன்றாகப் பொத்தும், சில அவ்வளவாகப் பொத்தாது. காலையில் ஒரு தட்டில் பழைய வகையையும் இன்னொரு தட்டில் புதிய வகையையும் விட்டு, பின்னேரம் கலங்களை எடுத்து, எந்தெந்த ஜீன் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று அளப்போம். மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பினால் எண்கள் என்னிடம் வரும். ஆயிரக்கணக்கான ஜீன்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

இந்த ஆராய்ச்சிதான் அக்காவின் எம்.பில். என்கிற முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு உரியது. கால் நூற்றாண்டாக அவர் இந்த வேலையைச் செய்கிறார், எல்லாம் தற்காலிக நியமனத்தில். அவர் வளர்த்த கலங்களைக் கொண்டு வேறு ஆட்கள் பட்டம் வாங்கினார்கள். கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அவர் பெயர் வரும், அதுவும் சிலவேளை எழுத்துப் பிழையோடு. பட்டம் கிடைத்தால் ஆய்வு அலுவலராக நிரந்தரமாக்குவார்கள். ஆனால் பதிவுக் காலத்தை ஒருமுறை நீட்டியாகிவிட்டது, இன்னொருமுறை நீட்ட மாட்டார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை, திரும்பத் தொடங்க அக்காவுக்கு வயதும் இல்லை.

தையிலும் மாசியிலும் செய்த பரிசோதனைகளின் எண்கள் வந்து நான் கணக்கைப் போட்டபோது கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டேன். பழைய வகை போன கலங்களில் அந்தக் கூவுகிற ஜீன்கள் ஓங்கி ஒலித்தன. புதிய வகை போன கலங்களில் முணுமுணுப்புத்தான். சேர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, இது நாயை எழுப்பாமல் வீட்டுக்குள் வருகிற கள்ளன் என்றார். அன்றிலிருந்து புதிய வகைக்கு எங்களிடையே கள்ளன் என்றே பெயர். சேர் கேக் வாங்கி வந்தார். அக்கா திரையிலிருந்த வரைபடத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்காரருக்குக் காட்ட, அடுத்த நாளே சல்லிக் கடற்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன் வாங்கப் போன என்னிடம் ஒருவர், கள்ளனைப் பிடித்தாயிற்றாமே என்று விசாரித்தார். நானும் பெருமையாக ஓம் என்றேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். சேர்தான் ஆய்வேட்டுக்கு இன்னும் வடிவான ஒரு படம் வேண்டும் என்றார். சராசரியை மட்டும் போடாமல் ஒவ்வொரு நாள் பரிசோதனையையும் தனித்தனி நிறத்தில் போட்டேன். அங்கேதான் நான் கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனேன். புதன்கிழமைப் புள்ளிகளில் பழையதும் புதியதும் ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் செய்தவை எட்ட எட்ட நின்றன. அதாவது கள்ளன் புதன்கிழமைகளில் கள்ளன் இல்லை. வெள்ளி, சனியில்தான் தொழில்.

வைரஸுக்குக் கிழமை தெரியுமா? முதலில் என்னையே சந்தேகப்பட்டு எழுதிய நிரலை வரி வரியாகப் பார்த்தேன். பிழையில்லை. சேரிடம் காட்டினேன். உயிருள்ள பொருட்களில் இப்படிச் சின்ன ஏற்ற இறக்கம் வரும், சராசரி சொல்வதைக் கேள் என்றார். அக்காவிடம் கேட்டேன். எல்லா நாளும் ஒரே மாதிரித்தான் செய்கிறேன் என்று அவர் சொன்னார், அதில் கொஞ்சம் மனவருத்தமும் இருந்தது. அவருடைய கைப்பக்குவத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை. எனக்கும் கேட்க விருப்பமில்லை. ஆனால் சொன்னேனே, பொறுமை குறைவு. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மேலங்கியை மாட்டிக்கொண்டு காலையிலேயே அவர் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

அக்காவின் வேலையைப் பார்ப்பது ஒரு சுகம். தட்டுகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, என்னடா ராசாக்கள், நல்லா இருக்கிறீங்களோ என்று விசாரித்தார். காற்றை வடிகட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, பழைய வகையைத் துளி துளியாக விட்டு, தட்டை உடம்புச் சூட்டுப் பெட்டியில் வைத்தார். பிறகு இரண்டு வகையும் கலந்துவிடாமல் கண்ணாடிப் பெட்டியை ஸ்பிரிற் போட்டு ஒருதரம், இன்னொருதரம் துடைத்தார். இதெல்லாம் சரி. அதன்பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளி அறைக்குப் போய்க் கேத்திலை வைத்தார். பால் விடாத பிளேன்ரி வந்தது, சீனி பிஸ்கற் வந்தது. மகளுக்கு வந்த சம்பந்தம் பற்றிய கதை வந்தது. கதை நல்ல கதை, மாப்பிள்ளையின் தாய் அரசாங்க உத்தியோகமா இல்லையா என்பதில் அரைமணித்தியாலம் போனது. புதிய வகை குளிர்பெட்டியிலேயே இருந்தது.

எப்போது மற்றதைத் தொடங்குவீர்கள் என்று கேட்டேன்.

"பன்னிரண்டுக்கு."

ஏன் அவ்வளவு பிந்தி என்று கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாமலா பட்டம் வாங்கினாய் என்பது இருந்தது.

"இப்ப ராகு காலமெல்லோ, பிள்ளை."

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை. புதன்கிழமை அது மத்தியானத்துக்குப் பிறகு வருவதால் காலையிலேயே இரண்டு வகையையும் அடுத்தடுத்துத் தொடங்கிவிடலாம். எங்கள் ஊரில் இது ஒரு புதினமும் இல்லை. பத்திரம் எழுதுகிறவரும் பார்ப்பார், வள்ளம் இறக்குகிறவரும் பார்ப்பார், என் வீட்டில் புதிய சட்டை போடுவதற்கும் பார்ப்பார்கள். ஏற்கெனவே தொடங்கிய வேலையைத் தொடரலாம், புதிதாக ஒன்றைத் தொடங்கத்தான் கூடாது. பழைய வகை எப்போதும் முதலில் என்பதால் அது தப்பிவிடும். புதிய வகைதான் காத்திருக்கும்.

பின்னேரம் எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டேன். எனக்கு விடை தெரிந்துவிட்டது, இருந்தாலும் அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"ரெண்டையும் ஒண்டாத்தான் எடுப்பன். ஒருத்தருக்கு ஒரு மாதிரி, மற்றவருக்கு இன்னொரு மாதிரிச் செய்யக் கூடாது எல்லோ."

நியாயம் பார்த்துத்தான் செய்திருக்கிறார். அந்த நியாயத்தால்தான் எல்லாம் கவிழ்ந்தது. தடிமன் வைரஸ் கலத்துக்குள் போன முதல் சில மணித்தியாலங்களில்தான் எல்லாக் கூத்தும் நடக்கிறது. கூவுகிற ஜீன்கள் ஒரு மணித்தியாலத்துக்கு முன் இருந்த மாதிரி அடுத்த மணித்தியாலத்தில் இருப்பதில்லை. பழைய வகைக்குக் கிடைத்த நேரத்தைவிட புதிய வகைக்கு ஒன்றரை இரண்டு மணித்தியாலம் குறைவு. நாயை எழுப்பாமல் வந்த கள்ளன் என்று நாங்கள் கேக் வெட்டியது, அப்போதுதான் படலையைத் திறந்து உள்ளே வந்த ஒரு சாதாரண ஆளுக்கு.

எனக்கு முதலில் வந்தது சந்தோசம். பொய் சொல்லக்கூடாது. நான் நினைத்தது சரி என்கிற அற்பச் சந்தோசம், அது ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கும் நேரம்தான் நின்றது. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எப்படிச் சொல்வதென்று யோசிக்கிற ஆள் நானில்லை, அதனால் அப்படியே சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"அப்ப கள்ளன் இல்லையோ?"

தெரியவில்லை, பெரும்பாலும் இல்லை என்றேன். சேர் சராசரிப் படத்தோடு திருப்திதான் என்றும், புதன்கிழமைப் புள்ளிகளை இதுவரை நான் மட்டும்தான் கண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். இதை ஏன் சொன்னேன் என்று இருவருக்கும் தெரியும். சித்திரைக்கு அதிக நாள் இல்லை. அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பேன், ஆய்வேட்டைப் பார்க்கிற பரீட்சகர்களும் கண்டிருக்க மாட்டார்கள். எனக்கு அக்காவைவிடக் கணக்குப் பெரிதில்லை, அன்றுதான் அது எனக்கே தெரிந்தது.

அவர் எழும்பி மேலங்கியைச் சரிசெய்துகொண்டு சேரின் அறைப்பக்கம் நடந்தார். இன்னும் பன்னிரண்டாகவில்லையே என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கெட்ட செய்தி சொல்ல ராகு காலம் பார்க்கத் தேவையில்லையாம். சேரின் மேசைக்கு முன்னால் நின்று அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"சேர், பிழை என்ரை. வைரஸில ஒரு குற்றமும் இல்லை."

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏசப்போகிறார் என்று நினைத்து நான் வக்காலத்துக்குத் தயாராகவே நின்றேன். அவர் ஏசவில்லை. ஏச அவருக்கு வாயும் இல்லை. ராகு காலத்தில் காரை வெளியே எடுக்க அவர் மனைவி விடமாட்டார், அதனால் வெள்ளிக்கிழமைக் கூட்டங்களுக்கு எங்கள் சேர் எப்போதும் பிந்தித்தான் போவார். எத்தனை தட்டு தயாராக இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

அடுத்து வந்த புதன்கிழமைகளில் இரண்டு வகைகளையும் கையோடு கையாகத் தொடங்கி, கையோடு கையாக எடுத்தார் அக்கா. மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நேரமில்லை. எங்களிடமிருந்த இயந்திரத்தில் அந்தக் கூவுகிற ஜீன்களை மட்டும் அளந்தோம். திரையில் கோடுகள் ஏறிவந்தபோது மூவரும் நின்றுகொண்டே பார்த்தோம். பழையதின் சிவப்புக் கோடும் புதியதின் நீலக் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. ஒரு ஏழெட்டு ஜீன்களில் மட்டும் புதிய வகை கொஞ்சம் பின்தங்கியது, ஒவ்வொரு முறையும் அதே ஏழெட்டில். மற்றப்படி இரண்டும் ஒன்றுதான். அக்கா போய்க் கையைக் கழுவினார், அவசியத்துக்கு மேல் நேரம் கழுவினார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில், சைக்கிளில் உப்புவெளிச் சந்தியைத் தாண்டும்போது எனக்குப் பொறி தட்டியது. அந்தப் பழைய எண்கள் ஏன் வீண்? ஒரு தட்டுக்குக் கூட நேரம், இன்னொன்றுக்குக் குறைந்த நேரம், வெள்ளிக்கு ஒரு கணக்கு, சனிக்கு இன்னொரு கணக்கு. வேண்டுமென்று செய்திருந்தால் அதற்குப் பெயர் காலவாரிப் பரிசோதனை, நேரம் போகப் போக என்ன மாறுகிறது என்று பார்ப்பது. எந்த ஜீன் முதலில் எழும்புகிறது, எது அடுத்து, எது கடைசி என்பதெல்லாம் அதற்குள் கிடந்தது. அடுத்த நாள் காலையில் சைக்கிளைச் சுவரில் சாய்க்கவும் பொறுமையில்லாமல் போட்டுவிட்டு மேலே ஓடினேன். கணக்கைத் திருப்பிப் போட்டால், இரண்டு வகைகளும் மனிதக் கலத்தை ஒரே ஒழுங்கில்தான் எழுப்புகின்றன. அந்த ஏழெட்டு ஜீன்களில் மட்டும்தான் புதியது தன் குணத்தைக் காட்டுகிறது. கள்ளன் போய்விட்டான். ஆனால் சொல்வதற்கு உண்மையான விஷயம் ஒன்று வந்துவிட்டது.

பிறகு இருந்த நாட்களில் மூவரும் பேய் பிடித்த மாதிரி எழுதினோம். செய்முறைப் பகுதியில், தவிர்க்க முடியாத காரணங்களால் சில நாட்களில் தாமதம் ஏற்பட்டது என்று நான் பூசி மெழுகி வைத்திருந்தேன். அக்கா அதை வாசித்துவிட்டு, தவிர்த்திருக்கலாம்தானே என்றார். வெட்டிவிட்டு ராகு காலம் என்றே எழுதச் சொன்னார். சேருக்கு வியர்த்தது. ஆனால் அப்படியே போனது, சித்திரை பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வு கொம்பியூட்டர் வழியாக நடந்தது. அக்கா சேரின் அறையில், நான் கதவுக்கு வெளியே, காது மட்டும் உள்ளே. கொழும்பிலிருந்த தேர்வுக் குழுவில் கேள்வி கேட்டவர் ஒரு சிங்கள மெடம். குரலிலேயே கண்டிப்புத் தெரிந்தது. ஜீன்களைப் பற்றி நிறையக் கேட்டார், அக்கா திக்கித் திக்கி ஆனால் சரியாகச் சொன்னார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. இனிமேல் இப்படி ஒரு தவறு நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள்? ராகு காலம் பார்க்கமாட்டேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு வந்துவிடலாம். அக்கா அப்படிச் சொல்லவில்லை. இனிமேல் இரண்டு வகைகளையும் ஒன்றாகத் தொடங்குவேன், ராகு காலம் முடிந்த பிறகு என்றார்.

நான் கதவுப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். பிறகு அந்த மெடம், தன் வீட்டிலும் புத்தாண்டுக்கு நெகத் பார்க்காமல் அடுப்பு மூட்டுவதில்லை என்றார், நல்ல நேரத்துக்கு அவர்களுடைய சொல் அது. நேரம் இரண்டுக்கும் சமமாக இருந்தால் விஞ்ஞானத்துக்கு அது போதும் என்றார். அக்கா சித்தியடைந்தார். கதவைத் திறந்துகொண்டு நான் உள்ளே போய்விட்டேன், இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை என்பதை யோசிக்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கொழும்பிலிருந்து அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும்.

ஆய்வேட்டில் ஒரேயொரு திருத்தம் கேட்டிருந்தார்கள். பரிசோதனை நடந்த நாட்களின் ராகு கால நேரங்களைப் பின்னிணைப்பாக ஓர் அட்டவணையில் போட வேண்டும், வெளிநாட்டில் வாசிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டுமாம். அதைக் கொடுத்தால் பட்டம் கையில். நம்பிக்கையே இல்லாத என் தலையில் அந்த வேலை விழுந்தது. செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். கலண்டரில் போட்டிருக்கும் நேரம், சூரியன் சரியாக ஆறு மணிக்கு உதிக்கிறது என்று வைத்துச் சொல்வது. தை மாசியில் திருகோணமலையில் அது ஆறே காலுக்கும் பிறகுதான் உதிக்கிறது. பகலை எட்டாகப் பிரித்து முறைப்படி போட்டுப் பார்த்தால் ராகு காலம் முடிவது பன்னிரண்டுக்கு இல்லை, இன்னும் கிட்டத்தட்ட இருபது நிமிடம் தள்ளி. சனிக்கிழமையும் அப்படித்தான். எனக்கு ஒரே குதூகலம். அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, இவ்வளவு பாடுபட்டுக் காத்திருந்தும் நீங்கள் புதிய வகையைத் தொடங்கியதெல்லாம் சரியாக ராகு காலத்துக்குள்தான் என்றேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டவணையை ஒவ்வொரு வரியாக வாசித்தார். வெள்ளிக்கிழமைகள், சனிக்கிழமைகள் எல்லாம் உள்ளே. புதன்கிழமைகள் எல்லாம் வெளியே. வாசித்து முடித்து நிம்மதியாக நிமிர்ந்தார்.

"அதுதானே பாத்தன். அப்ப அதாலதான் பிழைச்சிருக்கு."

மறுக்கத்தான் நினைத்தேன். எண்களைத் திரும்பப் பார்த்தேன். பிழைத்த நாளெல்லாம் ராகு காலத்துக்குள், சரிவந்த நாளெல்லாம் வெளியே, ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை. நேரக் குறைவுதான் காரணம் என்கிற என் விளக்கத்தையும் அக்காவின் விளக்கத்தையும் இந்தத் தரவைக் கொண்டு பிரிக்க எந்தப் புள்ளிவிபரவியலாளராலும் முடியாது. ஒரு வழிதான் இருக்கிறது, ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு வகைகளையும் ராகு காலத்துக்குள் ஒன்றாகத் தொடங்கிப் பார்ப்பது. கேட்டேன். ஆய்வு அலுவலராகப் போகிறவர் தன் தட்டுகளைத் தூக்கி எனக்கு எட்டாத பக்கம் வைத்துவிட்டு, வேண்டுமென்றால் நீயே கலம் வளர்த்துச் செய் என்றார். என் கையில் கலம் வளராது என்பது அவருக்குத் தெரியும்.